நீல வயர் கட்டாத கை

முதலில் ஒரு விடுகதை. விடை தெரிந்தவர்கள் உடனே கத்திவிடாமல் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். ஒரு கதவு இருக்கிறது. அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. அதைச் சாத்துவதற்கு நீங்கள் கிட்டே வர வேண்டியதில்லை. மலைக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு வரி சொன்னாலும் சாத்திக்கொள்ளும். ஆனால் சாத்தியவர் அதே இடத்தில் நின்றுகொண்டு திற என்றால் திறக்காது. தொண்டை கிழியக் கத்தினாலும் அதன் காதில் விழாது. உள்ளே இருப்பவர் எழுந்து வந்து திறந்தால்தான் உண்டு. அது என்ன கதவு?

காற்றாடிக்குளத்தில் யாரிடம் இந்த விடுகதையைப் போட்டாலும், முழுதும் கேட்கும் முன்பே உலகம்மாள் கடையைக் கை காட்டிவிடுவார்கள். பஸ் நிற்கும் வேப்பமரத்துக்கு எதிரே, மாரியப்பன் அண்ணாச்சியின் டீக்கடையை ஒட்டி, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உயரமான ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் கொள்ளும் என்ற அளவில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவதும், கரண்டு பில் கட்டுவதும், பரீட்சை ரிசல்ட் பார்ப்பதும், கடல் தாண்டிப் போன பிள்ளைகளின் முகத்தைத் திரையில் பார்த்து அழுவதும் எல்லாம் அங்கேதான்.

ஆனி பிறந்தால் அந்த ஊரில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. மலை இடைவெளியில் புகுந்து வந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, துணிக்கொடிகளை அறுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பலத்தில் உலகம்மாள் கடைக்கு வரும் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடும். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் இணைப்பு இருப்பதுபோல இருக்கும், ஆனால் எதுவும் வராது. உலகம்மாள் பதற மாட்டாள். ஒரு கறுப்புத் திரையைத் திறப்பாள். படமும் பொத்தானும் இல்லாத திரை. எழுத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு எழுத்தில் மட்டுமே பதில் சொல்லும் திரை. அதில் நெட்ஷ் என்று தொடங்கி, நடுவில் மேற்கோள் குறிக்குள் இணைப்பின் பெயரை வைத்து, டிஸேபிள் என்று முடியும் ஒரு வரியை அடிப்பாள். கேபிள் செருகினபடியே இருக்க, இணைப்பு அணைந்துவிடும். கொஞ்சம் பொறுத்து அதே வரியை எனேபிள் என்று முடித்து அடிப்பாள். முகம் கழுவிவிட்டு வந்த பிள்ளையைப் போல இணைப்பு தெளிவாக வந்து நிற்கும்.

அந்தத் திரையை எல்லாரும் திறந்துவிட முடியாது. நிர்வாகி என்ற பேரில்தான் திறக்க வேண்டும், அதற்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அது உலகம்மாளுக்கும், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் ஆவுடைக்கும் மட்டுமே தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? தட்டான் என்பதுதான் கடவுச்சொல், ஆவுடைதான் தட்டான். ஒல்லியான இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஸ்டூலின் விளிம்பில் அவள் நிற்பதைப் பார்த்து அம்மா வைத்த பேர் அது. பள்ளிக்கூடத்தில் அவள் ஆவுடைச்செல்வி, ஊருக்கு ஆவுடை, அம்மாவுக்கு மட்டும் தட்டான். குஜராத்தில் காற்றாலை வேலை பார்க்கும் அப்பாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து வரதன் என்ற பையன் போன் செய்தான். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர்களின் ஆள் அவன். "அக்கா, மவுசைத் தொடாதீங்க, நான் இங்கருந்தே சரி பண்ணிடறேன்" என்றான். அம்புக்குறி தானாகவே நடந்தது. கறுப்புத் திரை தானாகவே திறந்து கடவுச்சொல் கேட்டது, அதை மட்டும் உலகம்மாள் அடித்துக் கொடுத்தாள். டிஸேபிள் என்று முடியும் வரி தானாகவே விழுந்தது. பிறகு எதுவும் அசையவில்லை. போனில் வரதனின் குரல் சுண்டிப்போய் வந்தது.

"அக்கா…"

"சொல்லுங்க தம்பி."

"நான் எது வழியா உள்ள வந்தேனோ அதையே அணைச்சிட்டேங்க்கா."

"அதனால என்ன? திரும்ப ஏத்துங்க."

"எப்படிக்கா ஏத்தறது? நான் வெளிய நிக்கறேன். நான் சொல்றது இனிமே அதுக்குக் கேக்காது. உள்ள இருக்கறது நீங்கதான். நீங்கதான் அடிக்கணும்."

டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்த மாரியப்பன் அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வெளிய நின்னுக்கிட்டு உள்தாப்பா போட்டுருக்கான் பாரு!" என்றார். வரதன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், உலகம்மாள் அதைத் திருப்பிச் சொன்னாள், ஆவுடை ஸ்டூலில் நின்று அடித்தாள். அப்படித்தான் அவளுக்கு இரண்டு வரியும் மனப்பாடமானது.

அந்த வருஷ ஆனியில்தான் ஆதிரை வந்தாள். உலகம்மாளின் தங்கை செண்பகம் குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். போகும்போது தன் பிள்ளையை அக்காளிடம் விட்டுப் போனாள். ஆதிரைக்கு ஆறு முடிந்து ஏழு. அழுகிற பிள்ளை இல்லை, அடம் பிடிக்கிற பிள்ளையும் இல்லை. ஆவுடைக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடம் பிடித்திருந்தால் குறை சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். வந்த மறுநாளே முதல் தோசை ஆதிரையின் தட்டில் விழுந்தது. "சின்னப் பிள்ள, பசி தாங்க மாட்டா." சன்னலோரப் பாய் ஆதிரைக்குப் போனது. "புது எடம்லா, காத்து வேணும்." அம்மாவின் மடிச் சூட்டில் தலை வைத்து ஈர் எடுத்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் பாதியாக வெட்டுப்பட்டது. ஆவுடை எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தோசைக் கல்லில் எண்ணெய் தெறிக்கும் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஆடி முதல் செவ்வாயன்று காற்று கேபிளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இணைப்பு திக்கியது. உலகம்மாள் கறுப்புத் திரையைத் திறந்து, இணைப்புகளின் பட்டியலைக் கேட்டாள். வழக்கமாக ஈதர்நெட், வைஃபை என்று இரண்டு பேர் வந்து நின்றுவிடும். அன்றைக்குப் பட்டியல் நிற்கவில்லை. மாரியப்பன் - பூரணத்தம்மாள் என்று அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். மாரியப்பன் - வெள்ளைப் பூனை என்று அடுத்த வரி வந்தது. தபால்காரரும் அவர் அண்ணனும், தலைமையாசிரியரும் சத்துணவு ஆயாவும், பஸ் கண்டக்டரும் ஊரில் பாதிப்பேரும் என்று, காற்றாடிக்குளத்தில் யாருக்கும் யாருக்கும் இடையில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்ததோ அத்தனையும் ரேஷன் கார்டில் இருக்கிற பேரிலேயே வரிசையாக இறங்கி வந்தது. பெரும்பாலானவற்றுக்கு எதிரே எனேபிள் என்றிருந்தது. சிலவற்றுக்கு எதிரே, யாரும் தொடாமலே, டிஸேபிள் என்றிருந்தது. அவையெல்லாம் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான்.

உலகம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க, உங்க பூன வந்துருக்கு" என்றாள்.

அண்ணாச்சி டீ கிளாஸோடு வந்து பார்த்தார். "வெள்ளப் பூனை மட்டுந்தான? அந்தக் கறுப்புச் சவத்துக்கும் நான்தான பால் ஊத்துதேன்? அதுக்கு நன்றியே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் டெய்லர் சுடலைமுத்து. அவருடைய சொந்தத் தம்பி எதிர்வரிசையில் தையல் கடை போட்டதிலிருந்து, சுடலைமுத்துவின் கால் மெஷினை மிதித்தாலும் கண் எதிர்க்கடையிலேயே கிடந்தது. அங்கே யார் படி ஏறுகிறார்கள், என்ன துணி, என்ன சிரிப்பு என்று பார்த்துப் பார்த்து, ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். "தாயி, அவனும் நானும் இருக்க வரிய அணைச்சு விடு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று வந்து நின்றார். உலகம்மாள் அணைத்துவிட்டாள். சுடலைமுத்து கடைக்குத் திரும்பிப் போனார். எதிரே ஒரு கடை இருந்தது, அதில் யாரோ ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து தன் ஊசியில் நூலைக் கோத்தார். அன்று தைத்த ரவிக்கை முதுகிலும் தோளிலும் ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது என்று போட்டவர்களே சொன்னார்கள்.

அதன் பிறகு ஊரில் இருந்த பொறாமையெல்லாம் உலகம்மாள் கடை வாசலில் வந்து நின்றது. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ஓரகத்திகள் வந்தார்கள். பக்கத்து வயலில் எப்போதும் தன் வயலைவிட ஒரு சாண் அதிகமாக நெல் வளர்வதைப் பார்த்து இளைத்துப்போனவர் வந்தார். வகுப்பில் எப்போதும் இரண்டாவதாக வருகிறவளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மாவே வந்தாள். வரியில் முதலில் பேர் இருப்பவருக்குத்தான் மற்றவர் மறந்துபோகும். அணைந்தவர்கள் சண்டை போடவில்லை, முறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால்கூட அந்த ஒருவர் மட்டும், காற்றாலையின் சத்தம் அந்த ஊர்க்காரர் காதில் விழாதது போல, மனசில் விழாமல் போனார்.

ஒரு தவறு நடந்தது. பரமசிவத்தையும் அவர் மைத்துனரையும் அணைக்க வேண்டிய இடத்தில், ஒரு வரி தள்ளி, பரமசிவத்தையும் அவர் மனைவி வள்ளிமயிலையும் உலகம்மாள் அணைத்துவிட்டாள். உடனே எனேபிள் அடித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அடித்தாள். அப்போதும் அது வாய் திறக்கவில்லை. சென்னைப் பையன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அணைக்க யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். ஏற்றுவதற்கு உள்ளே இருக்கிற இருவரில் ஒருவர்தான் தன் கையால் அடிக்க வேண்டும். பரமசிவத்தைப் பிடித்துவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

"வேய், உமக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா. அடியும்" என்றார் அண்ணாச்சி.

"எனக்கா?"

"உமக்குத்தான். நல்ல பொம்பள. மீன் கொழம்பு வச்சா தெருவே மணக்கும்."

"அப்படியா? ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டு, உலகம்மாள் சொல்லச்சொல்ல பரமசிவம் அடித்தார். என்டர் தட்டியதும், அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்த வள்ளிமயிலைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நீ எப்ப வந்த?" என்றார். வள்ளிமயில் அவர் முதுகில் வைத்த அடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

அதிலிருந்து ஊர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. இணைப்பை அணைத்தவுடன் இருவர் மணிக்கட்டிலும் ஒரு துண்டு நீல வயர் கட்டிவிடுவார்கள்; பழைய கேபிளை உரித்தால் உள்ளே வருமே, அந்த மெல்லிய வயர். யாரை மறந்தோம் என்று மறந்தவருக்கே தெரியாது அல்லவா, ஆகையால் வயரைப் பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும்: "ஏ, உனக்கு ஒண்ணு அணைஞ்சு கெடக்கு, மறந்துராத." ஏற்ற வருகிறவர்களுக்குக் கடவுச்சொல்லை உலகம்மாளோ ஆவுடையோ அடித்துக் கொடுப்பார்கள், அந்த நேரத்துக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் சுடலைமுத்து வந்து, கண்ணை மூடித் திறந்து, தானே அடித்து ஏற்றிக்கொண்டு, தம்பியோடு சேர்ந்து பால்குடம் எடுத்தார். கொடை முடிந்த மறுநாள் காலையிலேயே வந்து, "தாயி, அணைச்சு விடு" என்றார். வயர் கட்டாமல் அணைக்கக் கூடாது. வயர் இல்லாவிட்டால் அணையவில்லை என்று அர்த்தம். சட்டம் அவ்வளவுதான். எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஆவுடை தினமும் பட்டியலைப் பார்த்தாள். உலகம்மாள் - ஆவுடைச்செல்வி என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே உலகம்மாள் - ஆதிரை என்று ஒரு வரி. தன் வரி கொஞ்சமாவது பெரிய எழுத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே அளவில் இருந்தன. எனேபிள் என்ற வார்த்தைகூட இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

தன்னையும் ஆதிரையையும் சேர்க்கிற வரியும் இன்னும் கீழே இருந்தது. மற்றவர்களைப்போல அதை அணைத்திருந்தால், ஆதிரை இருப்பதே அவளுக்கு உறைக்காது, நிம்மதியாக இரண்டாவது தோசையைத் தின்றிருப்பாள். ஆனால் அவளுக்கு வேண்டியது நிம்மதி இல்லை. முதல் தோசை.

அப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை, மேசைக்கு மேலே இருந்த காலண்டரை எடுக்க ஆதிரை ஸ்டூலில் ஏறினாள். விழாமல் இருக்க இரண்டு கையையும் விரித்தாள். உலகம்மாள் பிரிண்டரில் தாள் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, "பாத்து நில்லு தட்டானே, விழுந்துறாத" என்றாள். சொல்லிவிட்டுத் தாளைத் தட்டிச் சரி செய்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

ஆவுடைக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மத்தியானம் அம்மா சோறு எடுக்க வீட்டுக்குப் போனதும், அவள் ஸ்டூலில் ஏறி, கறுப்புத் திரையைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டினாள். அந்த எழுத்துகளைத் தட்டும்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வரியை அடித்தாள். உலகம்மாள் - ஆதிரை. டிஸேபிள். என்டர். நீல வயர்த் துண்டுகள் டப்பாவில் அப்படியே இருந்தன. அவள் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே முதல் தோசை அவளுக்கு வந்தது. சன்னலோரப் பாய் வந்தது. அம்மாவின் மடி முழுசாக வந்தது. அம்மா வேறு யாரையும் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக் கதை சொன்னாள். ஆவுடை இரண்டாவது தோசையையும் அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து நடுவுக்குப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். ஆதிரை அடுப்பங்கரை வாசலில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், நடைவழியில் கிடக்கும் ஒரு குடத்தைச் சுற்றி நடப்பது போல.

யாராவது போட வேண்டுமே என்று, ஆவுடை தன் தட்டிலிருந்து ஒரு தோசையை அவள் தட்டில் போட்டாள்.

மறுநாளும் அப்படித்தான் ஆயிற்று. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமானபோது ஆதிரை தலைமுடியை விரித்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு ஆவுடையிடம் வந்தாள்.

"அக்கா, பெரியம்மாவுக்கு எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. வேல இருக்கும்."

"நான் காலண்டர எடுத்ததுக்கா?"

"திரும்பி நில்லு. தலைய ஆட்டாத."

ஊரிலும் பார்த்தார்கள். உலகம்மாள் தங்கச்சி பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது அண்ணாச்சி கடையில் டீயோடு சேர்ந்து ஆறியது. அவர்கள் முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான். வயர் இல்லை. வயர் இல்லாவிட்டால் அணையவில்லை. அணையாமல் ஒருத்தி இப்படி நடந்துகொள்கிறாள் என்றால் அது குணம். "வயத்துப்பிள்ள வேற, தங்கச்சி பிள்ள வேறன்னு காட்டிட்டா பாத்தியா?" என்றாள் பூரணத்தம்மாள். ஆவுடை அதைக் கேட்டுக்கொண்டே டீத்தூள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வந்தவள் நேராகத் திரையைத் திறந்து எனேபிள் அடித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் வெளியே நின்றாள்.

ஆதிரையை உட்கார வைத்து அடிக்கச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை என்பது அவளுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். ஆனால் அந்த நாளைக்குள் வேறொன்று புகுந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குவைத்திலிருந்து செண்பகம் பேசுவாள். உலகம்மாள் தங்கையோடு நலம் பேசிவிட்டு, வாசலில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போவாள். ஆதிரை திரையின் முன்னால் வந்து உட்காருவாள். "பெரியம்மா நல்லாப் பாத்துக்கிடுதாளா செல்லம்?" என்று செண்பகம் கேட்டாள். ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். "அக்காதான் தல பின்னி விடுதா. அக்காதான் தோச தாரா. எனக்கு அக்காதாம்மா ரொம்பப் பிடிக்கும்" என்றாள். ஸ்டூலுக்குப் பின்னால் நின்ற ஆவுடைக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது வழியில் போகும்போது ஆதிரை அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பல் ஆடினால் அவளிடம்தான் முதலில் காட்டினாள். வரியை ஏற்றிவிட்டால் இந்தப் பிள்ளை திரும்ப உலகம்மாளின் மடிக்கு ஓடிவிடும். அதை நினைத்தால் ஆவுடைக்கு அதே பழைய சூடு காதில் ஏறியது. முன்பு ஆதிரை மேல் இருந்தது இப்போது அம்மா மேல் இருந்தது. ஒரே நெருப்பு, பக்கம்தான் மாறியிருந்தது. நாளை என்பது நாளைக்கும் அப்படியே தள்ளிப் போனது.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். "ஞாயித்துக்கெழம போவோமாட்டி? நாம ரெண்டு பேரு மட்டும்" என்றாள் உலகம்மாள். "வீட்டுல இருக்கதே நாம ரெண்டு பேருதான?" என்று சிரித்தாள். அம்மாவோடு தனியாக, சன்னலோர சீட்டில், சாரல் முகத்தில் அடிக்க: ஆனியிலிருந்து ஆவுடை கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அவள் ஆதிரையிடம், "நீ அண்ணாச்சி கடையில பூரணத்தம்மா பெரியம்மைட்ட இரு. சாயங்காலம் வந்து அல்வா தாரேன்" என்று சொல்லிவிட்டு, சீட்டு பிடிக்க முன்னாடியே ஓடினாள். பஸ் நின்றதும் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு சீட்டையும் பிடித்தாள். உலகம்மாள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் துவைத்த சேலையின் வாசனை வந்தது.

டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆவுடை டீக்கடையைப் பார்த்தாள். பூரணத்தம்மாள் வடை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பூனை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. ஆதிரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் ஆதிரை எங்கே இருப்பாள் என்பது ஆவுடைக்குத் தெரியும். மேசைக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டியின் சூட்டில் முதுகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குவைத்தில் இருக்கும் தன் அம்மாவின் குரல் அதற்குள்ளிருந்துதான் வரும் என்பது அவள் எண்ணம்.

"எம்மா, கடையச் சாத்தும்போது உள்ள யாரும் இருந்தாங்களா?"

"யாரு இருப்பா? ஒரு ஆளும் இல்ல. நல்லாப் பாத்துட்டுதான சாத்துனேன்."

உலகம்மாள் பொய் சொல்லவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சாத்தியிருந்தாள்.

"சாவியக் குடும்மா. தண்ணி பாட்டில உள்ள வச்சிட்டேன்."

"சவத்த விடு, அங்க போயி வாங்கிக்கிடலாம்."

"குடும்மா!"

"ஓடிட்டு ஓடியா. டிரைவரு கிளாஸ வச்சிட்டாரு பாரு."

ஷட்டருக்குக் கீழே இருந்த இடைவெளியில் நான்கு சின்ன விரல்கள் தெரிந்தன. ஆவுடை பூட்டைத் திறந்து, ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ஆதிரை அழுதிருக்கவில்லை. "அக்கா, பெரியம்மா என்னப் பாத்துக்கிட்டே சாத்திட்டா" என்றாள். "நான் பெரியம்மான்னு கூப்பிட்டேன். கேக்கல."

பஸ் கிளம்பும் சத்தம் வந்தது. அண்ணாச்சி வெளியே நின்று, "ஏட்டி ஆவுடை, உங்கம்மை சன்னல் வழியா கூப்பிட்டுக்கிட்டு இருக்கா, பஸ்ஸ எடுத்துட்டான்" என்று கத்தினார். ஆதிரையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினால் பிடித்துவிடலாம். சன்னலோர சீட்டில் துண்டு இன்னும் கிடக்கும். சாயங்காலம் அல்வாவோடு திரும்பி வந்தால் இவள் ஓடிவந்து சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். முதல் தோசையும் இருக்கும், அக்காதான் பிடிக்கும் என்பதும் இருக்கும். ஒன்றும் குறையாது. வயர் இல்லாத கையை யாரும் சந்தேகப்படப் போவதும் இல்லை.

ஆவுடை ஆதிரையைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். கறுப்புத் திரையைத் திறந்தாள். அது கடவுச்சொல்லைக் கேட்டது.

"கண்ண மூடிக்கிடவா அக்கா?" என்றாள் ஆதிரை. வழக்கம் அவளுக்கும் தெரியும்.

"வேண்டாம்" என்றாள் ஆவுடை.

கடவுச்சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆதிரை ஒவ்வொன்றையும் தேடி அடித்தாள். பிறகு ஆவுடை, உலகம்மாள் - ஆதிரை என்ற வரியை எனேபிள் என்று முடித்துச் சொன்னாள். அதையும் ஆதிரை அடித்தாள். என்டரையும் அவளையே தட்டச் சொன்னாள்.